கழுவித் துடைத்து எடுத்த படங்கள்

கால் எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு "சுகர்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் மாமனாருக்கு வந்த சுகரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முழுக்கதையையும் சொல்ல எனக்கு வெட்கம். ஆனால் கொச்சியில் மட்டாஞ்சேரியில் என்னோடு வேலை பார்த்த பெண்களில் பலருக்குச் சுகர் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் கையிலும் ஒரு போனைக் கொடுத்து இதையே செய்யச் சொல்வார்கள். அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தெட்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் சுடலைமுத்து ஆலுவாவில் ஒரு ஓட்டலில் சமையல் செய்கிறார், அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மகள் கவிதா எர்ணாகுளத்தில் துணிக்கடையில் பில் போடுகிறாள். மலையாளத்தில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இதையும் அவளுக்கு நான்தான் படித்துக்காட்ட வேண்டும்.

என் வேலை பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பது. காலையிலிருந்து மாலைவரை தரையில் உட்கார்ந்து, பெரியது, சின்னது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று பிரித்துக் கூடையில் போடுவோம். எங்கள் எட்டுப் பேரில் சாம்பிள் பாக்கெட் போடுகிற வேலை எனக்குத்தான். வெளியூர் வியாபாரிக்கு மூட்டையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிடி சுக்கை அனுப்பிக் காட்டுவார்கள். அந்தப் பிடியில் வெள்ளையாக, முழுசாக, விரல்விரலாக இருக்கிறதைப் பொறுக்கி, சாக்கில் தேய்த்துத் தூசி போக்கி, மண் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி, பார்க்க லட்சணமாகக் கட்டிக் கொடுப்பேன். "பேச்சி கட்டுன பாக்கெட்டு திரும்பி வராது" என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. மாத்திரை இருந்தால் போடுவேன், தீர்ந்தால் அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்துவிட்டால் பத்து அடி நடந்த பிறகுதான் தெரியும். அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் கிடங்கில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பின்னாலிருந்து லில்லி சேச்சி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், கத்தினாள்.

"எடீ பேச்சீ, நின்றெ காலில் சோர!"

சோர என்றால் ரத்தம். திரும்பிப் பார்த்தால் நான் நடந்த வழியெல்லாம் சிவப்பாகத் தடம். சாக்குத் தைக்கிற கோணி ஊசியின் உடைந்த நுனி இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே குத்தி உள்ளே போயிருந்தது. எப்போது குத்தியது என்று தெரியாது. வலி கொஞ்சமும் இல்லை. லில்லி சேச்சிதான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடுங்கினாள், நான் "மெதுவா, உன் கையில குத்திராம" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். அது வேலியேற்றக் காலம், கடல் பொங்கி ஏறுகிற நாட்கள். காயலில் தண்ணீர் ஏறினால் எங்கள் சந்தில் சாக்கடை வழியாக அது வீட்டுக்குள் வந்துவிடும், கணுக்கால் நனைய நின்றுதான் சோறாக்க வேண்டும். நான்காம் நாள் பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. கவிதா கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை எர்ணாகுளத்துக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பெயர் வேண்டாம், நல்லவர்களும் அங்கே இருந்தார்கள்.

உள்ளே போனதும் முதலில் போனில் டோக்கன் எடுக்க வேண்டுமாம். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் சீட்டு. எனக்கு முன்னால் நின்ற கிழவருக்குப் போனே இல்லை. அவரைப் போன் இருக்கிறவர் யாரையாவது கூட்டி வரச் சொன்னார்கள். கவிதாதான் தன் போனில் அவருக்கும் எடுத்துக் கொடுத்தாள். பெஞ்சில் இடமில்லாமல் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். புதுச் சுடிதார் போட்டிருந்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் நூலைப் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடி நின்றால் கால் நரம்பு செத்துவிடும், ரத்தக்குழாயும் குறுகிவிடும், குத்தினால் தெரியாது, குத்தினது ஆறவும் செய்யாது என்று விளக்கினார். மூன்று மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதில் வந்த எண்ணைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எட்டு நாள் படுத்திருந்தேன். செத்த சதையைக் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். மயக்க ஊசி போடாமலே செய்தார்கள், போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் என் காலை வெட்டுகிறதை வேடிக்கை பார்த்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் ஜெசி சிஸ்டர் வந்தாள். சின்னப் பெண், முகத்தில் எப்போதும் தூக்கம். கவிதாவின் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். காலில் புண் உள்ளவர்கள் தூரத்திலிருந்து வாராவாரம் வந்து ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம் என்பதற்காகச் செய்ததாம். தினமும் காலை ஏழு மணிக்குப் பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். மெஷின் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லும். பச்சையாகவே இருந்தால் இரண்டு வாரம் கழித்து வரலாம். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமிழில்கூடப் பேசும் என்றாள்.

நல்ல ஏற்பாடுதானே? இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

"ஆத்யம் போட்டோ, பின்னெ கிளீனிங். கேட்டோ அம்மே?" என்று ஜெசி இரண்டு தரம் சொன்னாள். முதலில் படம், பிறகு சுத்தம் செய்வது. எனக்கு நன்றாகவே புரிந்தது. சொல்லவில்லை என்று யார்மேலும் பழி போட முடியாது.

முதல் நாள் அப்படியே செய்தோம். கட்டைப் பிரித்ததும் கவிதா படம் எடுத்தாள். போனைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. சீழ் காய்ந்து ஒட்டியிருக்கிறது, சுற்றிலும் தோல் வெளுத்துத் தொங்குகிறது, பின்னால் அழுக்குப் பாய். இதையா ஒரு டாக்டருக்கு அனுப்புவது? அனுப்பிவிட்டாள். மஞ்சள் வந்தது. "கவனம் தேவை" என்று ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது. செய்தி வாசிக்கிற தமிழ், எங்கள் சந்தில் யாரும் பேசாத தமிழ். அன்று மத்தியானம் ஜெசி கூப்பிட்டு, முதல் நாள் அப்படித்தான் இருக்கும், பார்க்கலாம் என்றாள்.

எனக்கோ மானம் போன மாதிரி இருந்தது. மறுநாள் ஆறரை மணிக்கே எழுந்து உட்கார்ந்தேன்.

"கவி, அந்த மருந்துத் தண்ணிய எடு."

"போட்டோ எடுத்திட்டுதான் கழுவணும்னு சிஸ்டர் பறஞ்சாங்கல்லம்மா?"

"அது நம்ம சிரமம் பாத்துச் சொல்லியிருப்பா. குளிக்காம போயி டாக்டர் முன்னால நிப்பியாட்டி நீ?"

கழுவினேன். பஞ்சால் சீழைத் துடைத்தேன். தொங்கிய தோலைக் கத்தரியால் நறுக்கினேன். சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், தோல் பளபளவென்று ஆயிற்று. கீழே கவிதாவின் வெள்ளைத் துப்பட்டாவை விரித்து, வாசல்படியில் வெளிச்சம் விழுகிற இடத்தில் காலை வைத்தேன். ஐந்து படம் எடுக்கச் சொல்லி, அதில் ஒன்றை நானே பொறுக்கினேன். பாக்கெட் கட்டுகிற அதே கை. எனக்கு வேறு எப்படியும் ஒன்றைக் காட்டத் தெரியாது.

பச்சை வந்தது. "மிக நன்று" என்றது அந்தக் குரல்.

வாய்விட்டுச் சிரித்தேன். மகளும் சிரித்தாள். அன்று முழுவதும் யார் வந்தாலும் போனைக் காட்டினேன். லில்லி சேச்சி வந்தபோது, "பாத்தியா, மெஷினே சொல்லிட்டு" என்றேன்.

அதன் பிறகு தினமும் அப்படியே. படத்தோடு மூன்று கேள்வியும் வரும். காயத்தில் வலி இருக்கிறதா? இல்லை, எங்கிருந்து இருக்கும்? காய்ச்சல் இருக்கிறதா? உடம்பு வலிக்கிறதே என்று விடிந்ததும் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் ஏழு மணிக்குக் காய்ச்சல் இருக்காது. காயத்தைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா? குனிந்து நன்றாகப் பார்ப்பேன். என் தோலின் நிறத்துக்கு எது சிவக்கும்? கொஞ்சம் கறுத்திருந்தது. சிவக்கவில்லையே, அதனால் இல்லை என்று அமுக்கச் சொன்னேன். ஒரு கேள்விக்கும் பொய் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு வீட்டுக்காரர் வரவில்லை, ஓட்டலில் கல்யாண ஆர்டர். அடுத்த ஞாயிறு மத்தியானம் வந்தார். அன்று காலை அனுப்பியது பன்னிரண்டாவது படம், அதுவும் பச்சை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ஒண்ணும் இல்லையே. சாக்கடைத் தண்ணி ஏறுச்சுல்லா, அந்த வாடையாயிருக்கும்."

"சாக்கடை இல்லட்டி, இது செத்த நாத்தம்."

பையை வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். அரிசி டப்பாவை நகர்த்தினார், ட்ரங்குப் பெட்டியை இழுத்தார், அலமாரிக்குப் பின்னால் துடைப்பக் கட்டையை விட்டுத் துழாவினார். நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "அங்க பாருங்க, இங்க பாருங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் சுக்குத் தூசியை இழுத்த மூக்கு, அதற்கு எந்த வாடையும் சரியாக ஏறாது. கவிதாவுக்கு இரண்டு நாளாக நாற்றம் தெரிந்திருக்கிறது, சாக்கடை என்றுதான் அவளும் நினைத்தாளாம். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். நிமிரும்போது அவர் முகம் என் காலுக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியே நின்றுவிட்டார். தரையில் உட்கார்ந்தார். கட்டை அவரே பிரித்தார்.

"படம் பச்சையாத்தான் இருக்கு" என்று கவிதா போனை நீட்டினாள், பாவம். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அன்றே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டிரைவர் சேட்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினார், ஆனால் இறக்கிவிடவில்லை. ஞாயிறு என்பதால் அவசரப் பிரிவு. இளம் டாக்டர் ஒருவர் காயத்துக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார், எலும்பில் டக்கென்று தட்டியது. கம்பி எலும்பைத் தொட்டால் சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தமாம். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் எலும்பு கரையான் அரித்த கட்டை மாதிரி இருந்தது. பிறகு டாப்ளர் என்று ஒரு கருவி. அதைக் காலில் வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். வலது காலில் வைத்தபோது விசுக் விசுக் என்று கேட்டது. இடது கணுக்காலில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை பெரிய சர்ஜன் வந்தார். தமிழ் தெரிந்தவர்.

"அம்மா, முட்டிக்குக் கீழ எடுக்கணும். விரலோட நிறுத்த முடியுமான்னு பாத்தோம். முடியாது. விஷம் மேல ஏறுது. இன்னும் ரெண்டு நாள் விட்டா உசுரு போயிரும்."

"பச்சைதானே காட்டிச்சு, டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. ஜெசி சிஸ்டர்தான் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. கவிதாவின் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அம்மே, இது கழுகீட்டாணோ எடுத்தது?" கழுவிவிட்டா எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் திட்டியிருக்கலாம். போனை மெதுவாகக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். என்னைத் திட்டாமல் போனதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. "ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க நாட்டு மருந்து பாப்போம்" என்று குதித்தார். நான்தான் சத்தம் போட்டேன். "எனக்கு மக கல்யாணத்தப் பாக்கணும். ஒத்தக் காலோட பாத்தா ஆகாதா?" வாய் அப்படிப் பேசிற்று. கையெழுத்துப் போடும்போது கவிதா என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. நடுவில் ஒரு பச்சைத் துணி கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காது இருக்கிறதே. ரம்பத்தின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரந்தான். பிறகு யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போகிற காலடி. அங்கே நான் அழுதேன். ஒரு சிஸ்டர் நெற்றியில் கை வைத்து "சாரமில்ல, சாரமில்ல" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் வெளியே ஒன்று நடந்திருக்கிறது. அதை வீட்டுக்காரர் ஒரு மாசம் கழித்துத்தான் சொன்னார். ஒரு ஊழியர் வந்து, வெட்டிய காலை நீங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் புதைக்கிறீர்களா, இல்லை ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிடவா என்று கேட்டாராம். கொடுங்கள் என்று கையை நீட்டினாராம் இவர். பிறகுதான் யோசனை வந்ததாம், எங்கே புதைப்பது? இருப்பது வாடகை வீடு, முன்னால் சந்து, பின்னால் சாக்கடை. தோண்ட ஒரு அடி மண் நமக்கு இங்கே ஏது? நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நீங்களே பாத்துக்கோங்க சார்" என்றாராம். இதைச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

வார்டில் பத்து நாள். இல்லாத பாதம் அரித்தது. வெட்டின நரம்புக்குத் தன் கால் போனது தெரியாதாம், அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். இருந்தபோது ஒன்றும் சொல்லாத பாதம், போன பிறகு விரல்விரலாக வலித்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து விடுவார், சமையல்காரக் கை, இழுக்கிற இழுப்பில் உயிர் போகும். எனக்குச் சர்க்கரை இல்லாத சாயா வாங்கும்போது அவரும் சர்க்கரை இல்லாமல் வாங்குவார். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார்.

ஆறாம் நாள் ஒரு பெண் வந்தாள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை, பெயர் அஞ்சு, அந்த ஆப்பைச் செய்தவர்களில் ஒருத்தி. ஜெசி சிஸ்டர் சொல்லி வந்திருக்கிறாள். கையில் கொய்யாப்பழம். சுகர்காரிக்கு என்ன வாங்குவது என்று யாரிடமோ கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அம்மா வழியில் பாலக்காட்டுத் தமிழ் கொஞ்சம் தெரிந்தது.

"அம்மா, எங்க மேல தேஷ்யம் இருக்கும்னு தெரியும்" என்றாள்.

"கோவம் இருக்குதான். உக்காரு. அந்த மெஷினுக்கு யாரு காலு பாக்கக் கத்துக்கொடுத்தா?"

ஆஸ்பத்திரியில் நர்சுகள் எடுத்த படங்களை வைத்துக் கற்றுக்கொடுத்தார்களாம். கட்டைப் பிரித்ததும் எடுத்தவை. பெரும்பாலும் வெளுத்த கால்கள். சிவப்பு என்றால் அதற்கு அந்தக் கால்களின் சிவப்புத்தான் தெரியும்.

"எங்கள மாதிரி ஆளுங்க கிட்ட கேட்டீங்களா?"

"நர்ஸுமார் கிட்ட கேட்டோம்மா. உங்க கிட்ட கேக்கணும்னு தோணல."

உண்மையைச் சொன்னதால் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. சனியன், எனக்குக் கோபத்தைக்கூட முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவள் நோட்டைத் திறந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நாத்தம் இருக்கா என்று கேளுங்கள், அதையும் நோயாளியிடம் கேட்காதீர்கள், வெளியிலிருந்து வருகிறவரிடம் கேளுங்கள். சிவந்திருக்கா என்று கேட்காதீர்கள், அடுத்த காலை விட வேறு மாதிரி இருக்கா, சுடுகிறதா என்று கேளுங்கள். மாத்திரை போட்ட பிறகு காய்ச்சலைக் கேட்டு என்ன பிரயோஜனம்? படம் எடுப்பதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேளுங்கள். அழுக்காகக் காட்டினால் யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள் என்று அந்தச் செய்தி வாசிக்கிற பெண்ணை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தரமாவது ஒரு மனுஷி கூப்பிட்டுப் பேச வேண்டும்.

நான்கு பக்கம் எழுதினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு கவிதாவின் போன் பேசியது. "உங்கள் பாதத்தின் படத்தை இன்னும் அனுப்பவில்லை."

வெட்டின இடத்தில் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு டோக்கனை இந்த ஆப்பில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் படம் அனுப்பாமல் டோக்கன் பக்கம் திறக்கவில்லை. சரி என்று கட்டோடு இருந்த முட்டியைக் கவிதா படம் எடுத்தாள். "பாதம் தெரியவில்லை. பாதத்தைக் கோட்டுக்குள் வைத்து மீண்டும் எடுக்கவும்." மறுபடி எடுத்தாள். பாதம் தெரியவில்லை. மூன்றாம் தரம் அந்தக் குரல் அதையே சொன்னபோது அவள் போனைத் தூக்கித் தலையணைமேல் எறிந்தாள்.

"மதிம்மா! இது எத்தன பிராவசியம் கேக்கும்!" போதும்மா, எத்தனை தரம்தான் கேட்கும் என்று அழுதாள்.

கடைக்கு நேரமாகிறது, அவளுக்கு இன்னொரு லீவு கொடுக்க மாட்டார்கள். சோறு வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "அழாத, இந்தா, இருக்கிற கால எடு" என்று வலது பாதத்தை நீட்டினேன். எடுத்து அனுப்பினாள். டோக்கன் கிடைத்தால் போதும் என்றிருந்தது எங்களுக்கு.

பச்சை வந்தது. "மிக நன்று. காயம் முழுவதுமாக ஆறிவிட்டது. உங்கள் சிகிச்சை நிறைவடைந்தது. வாழ்த்துகள்." அதோடு ஆப் மூடிக்கொண்டது. டோக்கன் பக்கம் திறக்கவே இல்லை.

மறுநாள் வீட்டுக்காரர் என்னைத் தூக்கி எர்ணாகுளம் போகிற படகில் உட்காரவைத்து அழைத்துப் போனார். கவுண்டரில் இருந்த பெண் என் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "பேதமாயி என்னாணல்லோ காணுன்னது" என்றாள். குணமாகிவிட்டது என்றுதான் காட்டுகிறதாம். பின்னால் வரிசையில் இருபது பேர். நான் சேலையை முட்டிவரைக்கும் தூக்கிக் காட்டினேன். கட்டு காலையிலிருந்து ஊறி நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "ஐயோ அம்மே" என்று எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் முடித்த பேரை மறுபடி திறக்க அவளுக்கு அதிகாரம் இல்லையாம். புதிதாக ஒரு பேர் பதிய மட்டும் முடியுமாம். பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு புது நம்பர் கொடுத்தாள்.

வெளியே வந்து அஞ்சுவுக்குப் போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டாள். அந்தப் பழைய பேரை அழிக்க முடியுமா என்றேன். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். இதுவரைக்கும் பதில் இல்லை.

ஆக, அந்த ஆஸ்பத்திரியில் இப்போது நாங்கள் இரண்டு பேச்சியம்மாள் இருக்கிறோம். ஒருத்திக்கு இடது கால் இல்லை, புதிதாக வந்து சேர்ந்தவள். இன்னொருத்திக்கு இடது காலில் இருந்த புண் பூரணமாக ஆறிவிட்டது. மெஷினுக்குத் தெரிந்தவள் அவள்தான்.